அவசர மருத்துவரும் மீயொலிக் கல்வியும்

விபத்தில் அடிபட்டு வந்தவரின் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா? 1965ஆம் ஆண்டு முதல் இதனை அறியக் கையாளப்பட்ட முறை, கொப்பூழுக்குக் கீழே துளையிட்டு, குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி, வடித்தெடுத்து நிறம் பார்ப்பதாகும். 1990களில் மக்கள் ஸ்கேன் என்று வழங்கும் மீயொலிப் பரிசோதனை பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றது.

கிளாஸ்கோ நகர மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்டும் துணைவர்களும் 1958இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு வழிகோலியது. பின்னர் நெடுங்காலம் படம் எடுப்பவர் ஒருவர், படித்துச் சொல்பவர் ஒருவர், சிகிச்சை தருபவர் வேறொருவர் என்ற நிலையே நீடித்தது. கருவி சிறுத்துக் கட்டிலருகே வந்தபோது, அவசர மருத்துவர் இம்மூன்று பணிகளையும் தாமே ஏற்றார். அவருக்கு முழுப் படமும் தேவையில்லை. ஒரு கேள்விக்கு விடை போதும். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே, மண்ணீரலருகே, சிறுநீர்ப்பைக்குப் பின்னே, இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களில் கருநிறக் கோடாகத் திரவம் தெரிகிறதா என்று பார்க்கிறார்.

எளிதுபோல் தோன்றும் இதனைக் கற்பிப்பதே கடினம். அமெரிக்காவில் அவசர மருத்துவம் 1979இல்தான் தனித் துறையாக ஏற்கப்பெற்றது. அங்கு மீயொலியைக் கல்விப் பணியாகத் தேர்வோர், துறைப் பயிற்சிக்குப்பின் பெரும்பாலும் ஓராண்டு மேற்பயிற்சி பெறுகின்றனர். பின்னர் மாணவர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழை திருத்துவது அவர்தம் அன்றாடப் பணியாகிறது. விளம்பரமில்லாத உழைப்பு அது. தென் கரோலைனாப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, 2006இல் மீயொலியை இளநிலைப் பாடத்திலேயே இணைத்தது.

ஆசிரியர் முதலில் ஊட்ட வேண்டியது ஐயம். திரவம் தெரியவில்லை என்பதால் இரத்தக் கசிவே இல்லை எனக் கொள்ளலாகாது. சிறிதளவு இரத்தம் கண்ணுக்குத் தப்பும். வயிற்றறைக்குப் பின்புறக் கசிவு இப்பரிசோதனையில் பெரும்பாலும் புலப்படாது. கருவியை இயக்கச் சில நாட்களில் பழகிவிடலாம். அதனை நம்பாதிருக்க வேண்டிய தருணத்தை உணர ஆண்டுகள் ஆகும்.

இந்தியாவில் இக்கல்விக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அவசர மருத்துவ முதுநிலைப் படிப்புக்கு 2009இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் ஏற்பு கிடைத்தது. ஆனால் அதே கருவியே கருவின் பாலறியும் கொடுமைக்கும் துணைபோயிற்று. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 1991இல் 945ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 2001இல் 927ஆகக் குறைந்தது. 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பெற்ற தடைச் சட்டம் கருவிகளைப் பதிவுக்கு உட்படுத்துகிறது. 2014ஆம் ஆண்டு விதிகள் ஆறு மாதப் பயிற்சியை வகுத்தன. இக்கட்டுப்பாட்டைத் தேவையற்றது என எவரும் சொல்வதற்கில்லை.

எனினும் ஒரு நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கருப்பைக்கு வெளியே தரித்த கரு வெடித்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து ஓர் இளம்பெண் கொண்டுவரப்படுகிறாள். கல்லீரலருகே திரவம் தெரிந்தால் அறுவை அரங்குக்கு உடனே அனுப்பலாம். கட்டிலருகே செய்யும் பரிசோதனை மிகுதியும் பயன்தரும் நோயாளியும் அவளே. சட்டம் மிகவும் விழிப்பாயிருக்கும் நோயாளியும் அவளே. மருத்துவக் காரணத்துக்கான பரிசோதனையைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கருவியும் இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பரிசோதிப்பவர் விதி கூறும் தகுதியுடையவராதல் வேண்டும். 'எஃப்' படிவமும் நிரப்பப்பட வேண்டும். ஆகவே இந்நாட்டு ஆசிரியர், கல்லீரலின் விளிம்பை மாணவருக்குக் காட்டும் கையோடு அப்படிவத்தையும் காட்டிக் கற்பிக்கிறார்.