வழிகாட்டிப் பெட்டியும் கைத்தொலைபேசியும்

வழி அறியாத ஊரிற் கார் ஓட்டிச் செல்பவருக்கு முற்காலத்தில் இரண்டு துணைகளே இருந்தன. ஒன்று, ஆசனத்தின் அருகே மடித்து வைத்த தேசப்படம். மற்றையது, தெருவோரக் கடையில் நிற்கும் மனிதரின் வாய்ச்சொல். இன்று அவ்விரண்டின் இடத்தையும் சின்னஞ்சிறு கருவியொன்று பிடித்துக்கொண்டது. அக்கருவியும் இருவகைப்படும். வழி காட்டுவதையே தொழிலாகக் கொண்டு காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெட்டி ஒரு வகை. பேச்சு, கடிதம், படப்பிடிப்பு எனப் பல தொழில்களுக்கிடையே வழியும் காட்டும் கைத்தொலைபேசி மறு வகை. தொலைபேசி சட்டைப்பையில் இருக்க, வேறொரு பெட்டிக்குப் பணம் கொடுப்பானேன் என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை, சாரதி எங்கே செல்கிறார் என்பதைப் பொறுத்தது.

இரு கருவிகளும் கேட்பது ஒரே குரலைத்தான் என்பதை நேயர்கள் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஐக்கிய அமெரிக்காவின் செய்மதிகள் வலம் வருகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் அணுக்கடிகாரங்கள் உண்டு. "இப்பொழுது நேரம் இன்னது, என் இருப்பிடம் இன்னது" என்பதே அவை இடையறாது அனுப்பும் செய்தியின் சாரம். நான்கு செய்மதிகளின் செய்தி வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு, கருவி தான் நிற்குமிடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. செய்மதிக்கு அது எதனையும் திருப்பிச் சொல்வதில்லை. ஆகவே தொலைபேசிக் கோபுரமே இல்லாத வனாந்தரத்திலும், வானம் வெளித்திருக்குமாயின், இரண்டுமே தம் இருப்பிடத்தை அறியும். 1990களில் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தமையால் நூறு மீற்றர் வரையிற் பிழை நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி கிளின்டனின் ஆணைப்படி அத்தடை நீங்கிற்று. ஒரு தெருவையும் அதற்கடுத்த தெருவையும் வேறுபிரித்தறிவது அதன்பின் எளிதாயிற்று.

அதனைத் தொடர்ந்த ஆண்டுகள் பெட்டிகளுக்குப் பொற்காலம். நெதர்லாந்தின் டொம்டொம், அமெரிக்காவிற் பிறந்த கார்மின் ஆகிய நிறுவனங்கள் செழித்தன. டொம்டொம் 2008இல் வரைபட நிறுவனம் ஒன்றை 290 கோடி யூரோவுக்கு வாங்கியது. மறு ஆண்டு ஒக்டோபரிலே கூகிள் நிறுவனம், திருப்பத்துக்குத் திருப்பம் வாய்விட்டுச் சொல்லி வழிகாட்டும் சேவையைக் கைத்தொலைபேசியில் இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. அன்றே பெட்டி நிறுவனங்கள் இரண்டினதும் பங்கு விலை சரிந்தது. தாம் விற்கும் சரக்கை அடுத்த கடைக்காரர் தானமாக வழங்கத் தொடங்கினால் எந்த வணிகர்தான் கலங்கார்!

நகரத்துச் சாரதிக்குத் தொலைபேசியே சிறந்தது; இதில் ஐயமில்லை. தெரு நெரிசலைப் பெட்டிகளுக்கு அறிவிக்க ஐரோப்பாவிற் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்று வானொலி. எப்.எம். ஒலிபரப்போடு சேர்த்து, செவிக்குப் புலனாகாத குறியீடுகளாக அச்செய்தி அனுப்பப்பட்டது. வானொலி நேயர்கள் பெருமை கொள்ளலாம்! ஆனாற் கைத்தொலைபேசிகளோ தாமே செய்தியாளராகவும் விளங்குகின்றன. ஒரு தெருவிற் செல்லும் தொலைபேசிகள் வேகம் குறைந்தால், பின்னே வருபவருக்கு அது சில நிமிடங்களிற் தெரிந்துவிடும்.

நகரம் முடியுமிடத்திலேதான் கதை மாறுகிறது. பெட்டியின் வரைபடம் அதன் வயிற்றுள்ளேயே இருக்கிறது. தொலைபேசியோ, முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் அன்றி, போகும் வழியில் வரைபடத்தைத் துண்டு துண்டாகக் கோபுரங்களிடம் கேட்டுப் பெறுகிறது. கோபுரம் இல்லையேல் தன் இருப்பிடத்தை அது அறியும். சுற்றிலும் என்ன உண்டென்பதை அறியாது. உதவிக்கு ஆளை அழைக்கவும் பல தொலைபேசிகளால் இயலாது.

2012 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே நிகழ்ந்தது இதற்கோர் உதாரணம். மறே நதிக்கரையில் உள்ள மில்டுரா நகருக்குச் செல்ல விரும்பிய சிலர், அப்பிள் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட தொலைபேசி வரைபடத்தை நம்பிப் புறப்பட்டனர். அவ்வரைபடமோ நகரத்தை அதன் உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு அப்பால், மறே-சன்செற் தேசியப் பூங்காவின் நடுவிற் காட்டியது. அங்கே நீர் வசதி இல்லை. வெயில் 46 பாகை செல்சியஸ் வரை ஏறக்கூடும். சிலர் 24 மணி நேரம் வரை உணவும் நீருமின்றித் தவித்ததாகவும், தொலைபேசித் தொடர்பு கிடைக்குமிடம் தேடி ஆபத்தான நிலத்தில் நெடுந்தூரம் நடந்ததாகவும் பொலிசார் அறிவித்தனர். வரைபடம் பின்னர் திருத்தப்பட்டது. செய்மதிகள் இங்கே பொய் சொல்லவில்லை. தொலைபேசி தான் நிற்குமிடத்தைச் சரியாகவே அறிந்திருந்தது. மில்டுரா எங்கே இருக்கிறதென்பதையே அறியவில்லை.

இதனாற் பெட்டியே பிழையற்றதென்று முடிவு கட்டுதல் தகாது. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், 2009 ஓகஸ்டிலே, வண்டியிலிருந்த வழிகாட்டிக் கருவியைப் பின்பற்றி ஆளரவமற்ற பாதையிற் சென்ற ஒரு தாயின் வண்டி மணலிற் புதைந்தது. பல நாள்களின் பின் மீட்புக் குழுவினர் வந்தபோது தாய் உயிரோடிருந்தார். ஆறு வயது மகன் இறந்துவிட்டான். என்றோ கைவிடப்பட்ட பாதைகள் பழைய படங்களிலிருந்து புதிய கருவிகளுக்குள்ளும் குடியேறியிருந்தன. அவற்றை நீக்குவிப்பதற்காகப் பூங்கா அதிகாரிகள் வரைபட நிறுவனங்களோடு பேச வேண்டியதாயிற்று.

வேறு சில நடைமுறை வேறுபாடுகளும் உண்டு. ஐபோனைப் பயன்படுத்தத்தக்க சுற்றுப்புற வெப்பம் 35 பாகை வரைதான் என அதன் உற்பத்தியாளரே குறிப்பிடுகின்றனர். வெயிலிற் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் தொலைபேசி சூடேறித் திரையை இருட்டாக்கிவிடுவது, தூரப் பயணம் செய்தோர் கண்ட காட்சியே. 2015 முதல் கூகிள் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்து, கோபுரமற்ற இடத்திலும் வழி கேட்க முடிகிறது. புறப்படுமுன் ஐந்து நிமிடம் செலவிடும் சாரதிக்குப் பெட்டியின் முதன்மைச் சிறப்பு இவ்வாறு இலவசமாகவே கிட்டிவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதோரே பெரும்பாலோர்.

லொறிச் சாரதிகளின் நிலை வேறு. மெல்பேண் நகரில் மொன்ரேகு வீதியின் மேலாகச் செல்லும் பாலத்தின் கீழ் உள்ள இடைவெளி மூன்று மீற்றர் மாத்திரமே. எச்சரிக்கைப் பலகைகள் பல இருந்தும் லொறிகளும் பஸ்களும் அதில் மீண்டும் மீண்டும் மோதியிருக்கின்றன. காருக்கென அமைந்த வழிகாட்டிக்குப் பாலத்தின் உயரம் தேவையற்ற விவரம். லொறிகளுக்கென விற்கப்படும் பெட்டியோ, வண்டியின் உயரம், நீளம், எடை, ஏற்றிய சரக்கு அபாயகரமானதா என்பவற்றை முதலிற் கேட்டறிந்த பின்னரே வழியைச் சொல்லத் தொடங்குகிறது. கைத்தொலைபேசியிலும் லொறிக்கென இத்தகைய சேவைகள் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. வழமையான இலவச வரைபடத்தோடு புறப்படும் லொறிச் சாரதிதான் பாலத்தைக் கண்ட பின் உயரத்தை எண்ணிப் பார்க்கிறார்.