உலர்மலர் அலங்காரங்களைப் பேணும் முறை
(உரையின் எழுத்து வடிவம்)

வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரைக்காய், பனை ஓலை முதலியவற்றை உலர்த்தி அழகுப் பொருள்களாக்கும் தொழிலில் தூத்துக்குடி பெயர் பெற்றது. உங்களில் பலரும் வாடாமல்லியைக் காம்புடன் தலைகீழாகக் கட்டி, நிழலில் உலர்த்தி, ஜாடியில் வைத்திருப்பீர்கள். ஆனால் உலர்த்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உலர்ந்த மலர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், பூச்சியும் சேரும்.

வாரம் ஒரு முறை தூசி தட்டுவது நல்லது. மென்மையான வர்ணத் தூரிகையால் மேலிருந்து கீழாக இலேசாகத் துடையுங்கள். இடுக்குகளிலுள்ள தூசியை விசிறியால் மெதுவாக விசிறி அகற்றலாம். இதழ்களில் தண்ணீர் படவே கூடாது. பட்டால் சாயம் கரையும், இதழ் துவளும். தாமரைக்காய் போன்ற சாயமிடாத கெட்டியான பகுதிகளை மட்டும் நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே நிழலில் உலர்த்தலாம்.

நேரடி வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். ஆகவே சன்னல் ஓரம் வேண்டாம். சமையலறையும் குளியலறைப் பக்கமும் ஆகாது. விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகே ஒருபோதும் வைக்காதீர்கள். காய்ந்த மலர் நொடியில் தீப்பற்றும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. அலங்காரத்தை இறுக மூடும் தகர டப்பாவிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ வைத்து, உடன் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். நீல நிற மணிகள் வெளிர்சிவப்பாக மாறினால், அவை ஈரத்தை உறிஞ்சிவிட்டன என்று அறிந்து பொட்டலத்தை மாற்றுங்கள். அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ஜாடியின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் எச்சரிக்கை! அது சிகரெட் வண்டின் வேலையாக இருக்கலாம். பழுப்பு நிறமுள்ள இச்சிறு வண்டு, நீங்கள் சேமித்து வைத்துள்ள மஞ்சளையும் கொத்தமல்லியையும் தாக்கக்கூடியது. ஒரு ஜாடிப் பூவுக்காக மூட்டை மஞ்சளை இழக்கலாமா? அலங்காரத்தை உடனே பாலிதீன் உறையில் கட்டித் தனியே வையுங்கள். குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இடமிருந்தால், இரட்டை உறையிட்டு ஒரு வாரம் வைத்தால் வண்டும் புழுவும் மடியும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர் முழுவதும் தணிந்த பிறகே பிரியுங்கள்; இல்லையேல் பூவின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். வசதியில்லையெனில் எரித்துவிடுவதே மேல். பூசணம் பிடித்த பூவையும் தூசி தட்ட வேண்டாம். உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

விற்பனைக்காக அலங்காரம் செய்யும் மகளிர் குழுவினர், இம்முறைகளைச் சிறு சீட்டில் எழுதி ஒவ்வொரு ஜாடியுடனும் கொடுங்கள். பூ கெடாமல் இருந்தால்தான் வாங்கியவர் மீண்டும் உங்களைத் தேடி வருவார்.