எண்ணிப் பார்த்த இரண்டு மாதங்கள்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க சார், நீங்க கட்டின கட்டடங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் செயலாளர். சொல்ல ஆசைதான். ஆனால் நான் கட்டாத ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து, ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1986 கோடை விடுமுறை. மூன்றாம் ஆண்டு முடிந்திருந்தது. இன்டர்ன்ஷிப் என்ற சொல் அன்று நம்மிடம் அவ்வளவாகப் புழங்கவில்லை, டிரெயினிங் என்போம். நம் பேட்ச்சில் பாதிப் பேர் சென்னையில் பெரிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் டிரேசிங் பேப்பரில் கோடு போட்டு, பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்படி ஒரு இடம் கிடைப்பதாக இருந்தது. அதற்குள் நம் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு அட்டையும் கிளிப்பும் கையில் கொடுத்தார். "கோடு போட எப்ப வேணும்னாலும் கத்துக்கலாம்ப்பா. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில உட்காரு. தினம் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் நான் தர்றேன்" என்றார். நண்பர்கள் என்னை "கம்பவுண்டர்" என்று கேலி செய்தது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஊர் பெயர் வேண்டாம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வெளி நோயாளிகள் காத்திருக்கும் கூடம். அதன் பிளானை நகலெடுத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். உட்கார்ந்தவருக்கு வட்டம், நின்றவருக்குப் பெருக்கல் குறி, படுத்தவருக்கு ஒரு கோடு. நோயாளிக்குச் சிவப்பு, கூட வந்தவருக்கு நீலம். பெயர் எழுதக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. முதல் வாரம் யாரையும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. இதுதான் சாரின் சட்டம்.

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த முறை அல்ல. நியூயார்க்கில் இட்டெல்சன், ரிவ்லின், புரோஷான்ஸ்கி என்ற மூவர் மனநல மருத்துவமனை வார்டுகளில் செய்து, 1970-இல் எழுதிவைத்த முறை. 'பிஹேவியரல் மேப்' என்று பெயர். இன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று எனக்குப் புள்ளிக் கோலம் மாதிரி இருந்தது.

முதல் வார முடிவில் என் கோலம் ஒரு விசித்திரத்தைக் காட்டியது. கூடத்தின் நடுவில் பதிவுச் சன்னலைப் பார்த்தபடி வரிசையாகப் போட்ட பெஞ்சுகளில் பாதி காலி. மாடிப்படியிலும், சுவரோரத் தரையிலும் வட்டத்தின் மேல் வட்டம். நான் அறிக்கையில் ஜம்பமாக எழுதினேன்: "நம் மக்களுக்குப் பெஞ்சில் உட்காரும் பழக்கம் இன்னும் வரவில்லை." சார் அதைச் சிவப்பு மையில் சுழித்துப் பக்கத்தில் எழுதினார்: "குறை ஆளிடமா, பெஞ்சிடமா? போய்க் கேள்."

போனேன். படிக்கட்டில் மகனை மடியில் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "பெஞ்சுல உக்காந்தா டாக்டர் ரூம் கதவு தெரியாது தம்பி. பேர் கூப்பிட்டாலும் காதுல விழாது. போன தடவை அப்படித்தான் மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுச் சும்மா திரும்பிப் போனோம். ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு" என்றார். எழுந்து, அவர் பார்க்கும் திசையில் பார்த்தேன். அந்தப் படியிலிருந்து மூன்று டாக்டர்களின் கதவும் தெரிந்தன. பெஞ்சிலிருந்து ஒன்றுகூடத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் கணக்குத் தெரிந்தவர்கள். கணக்குத் தெரியாதவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

சாரும் நானும் கெஞ்சி, நாலு பெஞ்சை மட்டும் திருப்பிப் போட அனுமதி வாங்கினோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பெருக்குகிறவர் எல்லாவற்றையும் பழையபடி நேர் வரிசையாக்கி வைத்திருந்தார்! நான் சோர்ந்துபோனேன். சார் சிரித்துக்கொண்டே கனடா கதையைச் சொன்னார். 1950-களில் சஸ்காட்சுவான் மாகாணத்து மனநல மருத்துவமனை ஒன்றில், மூதாட்டிகள் இருந்த வார்டைப் புதுப்பித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டதால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற டாக்டர் கேட்டுக்கொள்ள, ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் சின்ன மேஜைகளைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தார். அங்கேயும் முதலில் நாற்காலிகள் பழையபடி சுவருக்கே போய்விட்டன. விடாமல் திருப்பிப் போட்டார்கள். சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

நாங்களும் விடவில்லை. பெருக்குகிறவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னோம். "இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே" என்றார். அதற்குப் பிறகு அந்த நாலு பெஞ்சும் காலியாக இருந்து நான் பார்க்கவில்லை.

நண்பர்களே, நல்ல கதையாக இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

1999-இல் நானே ஒரு தனியார் மருத்துவமனைக்கு பிளான் போட்டேன். பளபளவென்று கிரானைட் தரை, உயரமான கூடம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், ஆளே இல்லாத நேரத்தில் போட்டோ எடுத்தோம். பாராட்டினார்கள். பில் வந்தது, அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2011-இல் என் அப்பாவை அங்கே அழைத்துப்போனேன். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், நான் தேர்ந்தெடுத்த நாற்காலிகளை விட்டுவிட்டு, தூணோரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது. "ஏம்ப்பா, நாற்காலி இருக்கே?" என்றேன். "அங்கேர்ந்து கதவு தெரியலடா" என்றார். அந்தக் கட்டடம் யார் போட்ட பிளான் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்தப் படிக்கட்டு அம்மாவின் குரல்தான் கேட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் படித்த பாடத்தை, சம்பாதிக்க ஆரம்பித்ததும் மறந்திருக்கிறேன்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஒரு சன்னலுக்கு அவ்வளவு சக்தி என்றால், நாம் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் பொறுப்பு உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இன்றைய மாணவர்கள் பிராக்டிகல் டிரெயினிங்குக்கு நம் அலுவலகங்களுக்குத்தான் வருகிறார்கள். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிடுகிறோம். ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது, நாம் ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடம் ஒன்றுக்கு இரண்டு மாதம் அனுப்புவோம். ஸ்டைபண்டு கொடுப்போம். உரிமையாளரிடம் அனுமதி வாங்கித் தருவோம். அவர் எழுதும் அறிக்கையில் நம் மானம் போனாலும் ஒரு வரியையும் திருத்தாமல் நம் கல்லூரி நூலகத்தில் வைப்போம். முதல் கட்டடமாக அந்த 1999 மருத்துவமனையையே தருகிறேன். நிர்வாகத்திடம் பேசிவிட்டேன்.

நம் சார் இன்று நம்மோடு இல்லை. அவர் தந்த அட்டையும் கிளிப்பும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கிளிப்பு துருப்பிடித்துவிட்டது; ஆனால் பேப்பரை நன்றாகவே பிடிக்கிறது. முதலில் வரும் மாணவரிடம் அதைக் கொடுத்துவிடுகிறேன்.