அணு சொல்லித் தந்த பாடம்

(நம் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



"எதைப் பத்தி வேணா பேசுப்பா, ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி முடிச்சிடு" என்று நம் செயலாளர் அண்ணன் கட்டளையிட்டிருக்கிறார். ஆகவே மிக மிகச் சிறிய பொருளாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். அணு!

நான் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தவன். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரம் வந்து சேர்வதற்குள் பாதித் தூக்கம் முடிந்துவிடும். ஜன்னல் சீட் கிடைத்த நாளில் காலை வெயில் சாய்வாக உள்ளே விழும். அந்தக் கதிரில் தூசி மிதந்துகொண்டே வரும். முதலாண்டு இயற்பியல் வகுப்பில் எங்கள் சார் அணுவை அந்தத் தூசியிலிருந்துதான் தொடங்கினார்.

திருவாசகத்தில் திருவண்டப்பகுதி என்று ஒரு பகுதி உண்டு. மாணிக்கவாசகர் அதை நம் தில்லையில் பாடினார் என்பது வழக்கு. வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் தெரியும் நுண்ணிய அணுக்களைப் போல அண்டங்கள் சிறுத்துத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்கிறார் அவர். சார் இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நண்பன் எழுந்து, "அப்ப நம்ம ஆளுங்க அப்பவே அணுவைக் கண்டுபிடிச்சிட்டாங்க சார்!" என்றான். வகுப்பே கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவர் பார்த்தது தூசிப்பா. அந்தத் தூசியை வச்சு அண்டத்தையே அளந்தாரே, அது அவரோட பெருமை. அதுக்கு மேல நாம எதையும் சேர்க்க வேண்டாம். கண்டுபிடிச்சோம்னு சொல்றதா இருந்தா, 'எப்படித் தெரியும்?'னு கேட்டா பதில் இருக்கணும்."

நண்பர்களே, அணுவின் வரலாறு முழுவதும் 'எப்படித் தெரியும்?' என்ற இந்த ஒரு கேள்விதான்.

தனிமங்கள் எப்போதும் குறிப்பிட்ட எடை விகிதத்திலேயே சேர்கின்றனவே என்பதை வைத்து, 1808-இல் ஜான் டால்டன் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டார். கணக்குச் சரியாக வந்தது. ஆனால் அணுவை யாரும் பார்த்ததில்லை. அதன் பிறகு எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழித்துக்கூட, மாக், ஆஸ்ட்வால்டு போன்ற பெரிய அறிஞர்கள் "அணு என்பது கணக்குக்கு வசதியான கற்பனை" என்றுதான் சொல்லிவந்தார்கள்.

பதில் மறுபடியும் தூசி மாதிரியான ஒன்றிலிருந்தே வந்தது. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஏன் துள்ளுகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால்தான் என்று 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜான் பெரின் 1908 முதல் அளந்து பார்த்து அந்தக் கணக்கு சரி என்றார். உடனே 1909-இல் ஆஸ்ட்வால்டு, 'அணு உண்டு என்பதை ஏற்கிறேன்' என்று எழுதினார். தம்பிகளே, கவனியுங்கள். அதே 1909-இல்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய மனிதர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளக் கூச்சப்படவில்லை.

இதற்கிடையில், 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்திருந்தார். அணுவுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கேசரியில் முந்திரிப்பருப்பு பதிந்திருப்பது போல எலக்ட்ரான்கள் பதிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். அந்தக் கேசரியைக் கலைத்தவர் யார் தெரியுமா? அவரிடமே படித்த ரூதர்ஃபோர்டு.

அதுவும் எப்படி? 1909-இல் மான்செஸ்டரில், பட்டப்படிப்பைக்கூட முடிக்காத இருபது வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டன். "உலோகத் தகட்டில் பட்டு ஆல்ஃபா துகள் ஏதாவது திரும்பி வருகிறதா, பார்" என்று அவரிடம் வேலையைக் கொடுத்தார் ரூதர்ஃபோர்டு. வரும் என்று ரூதர்ஃபோர்டே எதிர்பார்க்கவில்லை. கெய்கரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு மினுக்கையும் எண்ணினார்கள். ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது! அந்த ஒன்றை 'ஏதோ தவறு' என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை அறிவித்தார்.

அந்தக் கரு எவ்வளவு சிறியது? நம் நடராஜர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் அணுவை அந்த மண்டபத்தின் நீளத்துக்குப் பெரிதாக்கினால், அதன் கரு நடுவில் ஒரு கடுகு. மீதியெல்லாம் வெட்டவெளி. உடனே 'சிதம்பர ரகசியம்' என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் எங்கள் சார் இருந்தால் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார், ஜாக்கிரதை!

1913-இல் நீல்ஸ் போர், எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்கள் போலக் குறிப்பிட்ட பாதைகளில் சுற்றுகின்றன என்றார். ஹைட்ரஜனுக்கு அழகாகப் பொருந்தியது. அடுத்து நிற்கும் ஹீலியத்துக்கே பொருந்தவில்லை. 1925, 26-இல் ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் வந்து பாதையையே எடுத்துவிட்டார்கள். எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் மிச்சம். எலக்ட்ரானைத் துகளாகக் காட்டியவர் தாம்சன். அது அலையாகவும் நடக்கிறது என்று காட்டி 1937-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவருடைய சொந்த மகன்!

"இத்தனை தடவை மாறுது, அப்புறம் எதுக்கு சார் பழசைப் படிக்கணும்?" என்று நான் கேட்டேன். சார் சொன்னார்: "எந்த இடத்துல உதைக்குதுன்னு தெரிஞ்சாத்தானே அடுத்த படி ஏற முடியும்?"

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர், 1930-இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எலக்ட்ரான்களின் புதிய விதிகளை நட்சத்திரத்துக்குப் பொருத்திக் கணக்குப் போட்டார். சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால், எரிந்து முடிந்த நட்சத்திரம் வெண்குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது என்று கண்டார். 1935-இல் லண்டனில் பெரியவர் எடிங்டன் சபை நடுவே அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் கணக்கு சரி. ஆனாலும் நோபல் பரிசு வர 1983 ஆனது. பெரியவர் ஒருவர் "நான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று சொல்லத் தயங்கினால் எவ்வளவு காலம் வீணாகிறது, பாருங்கள்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பாய்லர் கட்டும் இடத்தில் வெல்டிங் பரிசோதனை எனக்கு. இரிடியம்-192 என்ற கதிரியக்க மூலத்தைக் குழாயின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் ஃபிலிம் வைப்போம். வெல்டிங்கில் உள்ளே குறை இருந்தால் ஃபிலிமில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். 74 நாளில் அந்த மூலத்தின் வீரியம் பாதியாகிவிடும். ரூதர்ஃபோர்டு காலத்து ஆராய்ச்சி, நமக்குத் தினக்கூலி!

ஒரு நாள் ஒரு ஃபிலிமில் மெல்லிய கோடு. நகம் பட்ட கீறல் என்று சொல்லி 'சரி' போடப் பேனாவை எடுத்துவிட்டேன். அவசரம், மேலிருந்து போன் மேல் போன். பக்கத்தில் இருந்த ஹெல்பர் பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். தயங்கித் தயங்கி, "சார், கீறல்னு எப்படித் தெரியும்? இன்னொரு ஃபிலிம் எடுத்துடலாமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு எங்கள் சார் முகம் வந்தது. மறுபடி எடுத்தோம். அதே இடத்தில் அதே கோடு. வெட்டிப் பார்த்தால் உள்ளே உலோகம் சேரவேயில்லை. பாய்லர் ஓடும்போது அந்தக் குழாய் வெடித்திருந்தால், பக்கத்தில் நின்றவர் உயிருக்கு யார் பொறுப்பு? என் கையெழுத்துதான்.

அன்று முதல் எந்த ஃபிலிமையும் தனியாகப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் சின்னப் பையனையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

2004 ஜூன் 18-ஆம் தேதி, ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், இந்தியா அளித்த 2 மீட்டர் உயர நடராஜர் சிலையைத் திறந்துவைத்தார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நடந்துபோகிறவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பது அதே கேள்வியைத்தான்.

தம்பி, தங்கைகளே, பெரியவர்கள் சொன்னாலும் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள்: "எப்படித் தெரியும்?" அண்ணன்மார்களே, நம்மை அப்படி ஒருவன் கேட்டால் கோபப்படாமல் இன்னொரு ஃபிலிம் எடுப்போம்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.