அவனுக்கு ஒன்றும் தெரியாதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஐந்தில் முடிக்கப் பார்க்கிறேன்.

போன அமாவாசைக்குத் திண்டிவனத்திலிருந்து வேன் வைத்து மேல்மலையனூர் போனோமே, நினைவிருக்கும். இரவு ஊஞ்சல் உற்சவம். அங்காளம்மன் ஊஞ்சலில் எழுந்தருள, பம்பை முழங்க, என் பேரன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அவனுக்கு ஆட்டிசம் என்பது உங்களுக்குத் தெரியும். நம்மவர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "பாவம் சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஏன் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

அந்த 'ஒண்ணும் தெரியாது' என்னைத் தூங்கவிடவில்லை.

1985-இல் லண்டனில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸாலி என்ற பொம்மை கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறது. திரும்பி வரும் ஸாலி எங்கே தேடும்? கூடையில்தானே? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் கோலி உண்மையில் இருந்த இடத்தைக் காட்டினார்கள். அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பது இவர்களுக்குக் கடினம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் இன்னும் ஒரு படி போனார். பிறர் மனதைப் படிக்க மூளையில் உருவான திறனே உள்ளே திரும்பி, 'நான்' என்ற தன்னுணர்வாக மாறியிருக்கலாம் என்றார். அழகான கருத்து, நிரூபணமானதல்ல. அதை வைத்துக்கொண்டு, பிறர் மனம் படிக்கத் தெரியாதவனுக்கு உணர்வே இல்லை என்று தாவிவிடக் கூடாது. கைக்குழந்தைக்கு ஸாலி கணக்கு தெரியாது. ஊசி போட்டால் வலிக்காதா?

2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் இதைத் திருப்பிப் போட்டார். அவருக்கே ஆட்டிசம் உண்டு. அவர்களுக்கு நம் மனம் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர்கள் மனம் புரிகிறதா என்பது அவர் வாதம்.

எனக்குப் புரியவில்லை. அன்று பம்பைக்காரர்கள் வந்து நின்றதுமே அவன் என் கையை எடுத்துத் தன் காதின்மேல் வைத்தான். அவன் பேச மாட்டான். அதுதான் அவன் பேச்சு. நான் விளையாட்டு என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

ஆண்டு விழாவுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பீக்கரை பி பிளாக் படிக்கட்டுப் பக்கம் வைக்க வேண்டாம். மேளம் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே குரூப்பில் போட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு அவனைக் கடைத்தெருப் பக்கம் கூட்டிப் போய்விடுகிறேன். சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம். கேசரி என்றால் அவனுக்கு உயிர்.