கடிக்கிற நாயா, கட்டாத கையா?

(நிவித்திகலயில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நமது நலன்புரிக் குழுவினர் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நாங்கள் நீட்டிப் பேசப்போவதில்லை. இன்று நாய்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். "நாயைப் பத்திப் பேச என்னா இருக்கு?" என்று சிரிக்க வேண்டாம். விடியுமுன் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிற அக்காமாருக்கும், குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் இது சிரிப்புக் கதை இல்லை.

இப்போது வீட்டுக் காவலுக்கும், மாணிக்கக் குழிக் காவலுக்கும் பெரிய சாதி நாய்களை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். "ரொட்வைலர், பிட்புல் மாதிரி நாய்களை அடியோட தடை செஞ்சா என்னா?" என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

சென்னையில் 2024 மே 5ஆம் திகதி, பூங்காக் காவலாளி ஒருவரின் ஐந்து வயது மகளை இரண்டு ரொட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. கூலிக்குக் காவல் நின்றவரின் பிள்ளை! இதைக் கேட்டு வயிறு எரியாத தாய் உண்டா? அதற்கு முன்பே, மார்ச் 12ஆம் திகதி, 23 சாதி நாய்களைத் தடை செய்யும்படி இந்திய மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரல் மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்துச் செய்துவிட்டது.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது? இங்கிலாந்தில் 1991இல் சட்டம் போட்டு, பிட்புல் உட்பட நான்கு சாதிகளைத் தடுத்தார்கள். பட்டியலில் இல்லாத எக்ஸ்.எல். புல்லி என்ற இன்னொரு பெரிய நாய் பிறகு வந்தது. அது பலரைக் கடித்துக் கொன்றபின், 2024 பெப்ரவரியில் அதையும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று வருகிறது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்தது. நாய்க்கடி குறையவில்லை என்று கண்டு 2008இல் தடையை நீக்கியது.

பெரிய நாயும் சின்ன நாயும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. பெரிய நாய் கடித்தால் எலும்பே நொறுங்கும். ஆனால் அதைக் கட்டாமல் விட்டது யார்? கேட்டைத் திறந்து போட்டது யார்? பட்டினி போட்டு, அடித்து, ஆளைக் கண்டால் பாயப் பழக்கியது யார்? சாதியைப் பார்த்துத் தடுப்பதைவிட, வளர்க்கிறவனைப் பிடித்துப் பதில் கேட்பதே நமக்குப் பயன் தரும் என்பது எங்கள் முடிவு. அந்த இங்கிலாந்துச் சட்டத்திலேயே, எந்தச் சாதி நாயானாலும், அடங்காமல் ஆட்களுக்கு ஆபத்தாகத் திரிந்தால் சொந்தக்காரருக்குத் தண்டனை உண்டு. நமது நாட்டிலும் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 முதல் இருக்கிறது. தன் மிருகத்தால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

சட்டம் இருந்தும் நாம் வாய் திறப்பதில்லை. "பெரிய எடத்து நாய், நாம என்னா பேசுறது?" என்று கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான். ஆனால் ஊசிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது, பஸ் காசு போகிறது. அந்தச் செலவைக் கடிபட்டவர் ஏன் சுமக்க வேண்டும்? பங்களா நாயானாலும் லயத்து நாயானாலும், கடித்தால் சொந்தக்காரரிடம் கேளுங்கள். டிஸ்பென்சரியில் பதியச் சொல்லுங்கள், பொது சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். லயத்து வாசலில் எத்தனை நாய்கள்! சோறு போடுகிறோம், ஆனால் ஊசி போடுகிறோமா? விசர் நோய் சாதி பார்க்காது. 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நாய்க் கடியால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடப் போட அந்தத் தொகை இறங்கி, அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய 20, 30 பேர் என்றாகியிருக்கிறது. அவர்களும் சாகவேண்டியவர்கள் இல்லை. இந்த நோயின் குறி கண்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் நோயே வராமல் தடுக்கலாம்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். குட்டியிலேயே ஊசி போட்டு, வருடா வருடம் மறக்காமல் போடுங்கள். கடி நாயைக் கட்டி வையுங்கள், குட்டி பெருகாமல் கருத்தடை செய்யுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் அப்பாமல், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டி வைத்து 14 நாள் கவனியுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

நம்ம நாயை நாம் ஒழுங்காக வைத்திருந்தால்தான், மற்றவன் நாயைப் பற்றிக் கேட்க நம் வாய்க்குப் பலம் வரும். நாளைக்குக் காலையில் பிள்ளைகள் பயமில்லாமல் அந்தக் குறுக்குப் பாதையில் நடக்கட்டும்.