நானூறாம் எண் பூனை



ஆலைக் கழிவை அளந்து பார்க்க ஆய்வாளர் உண்டே, அச்சம் ஏன் என்கிறார்கள். அளப்பவருக்கு ஊதியம் தருபவர் யார்? அளந்த கணக்கு யாருடைய பெட்டியிலே?

ஜப்பானிலே மினமாட்டா என்றோர் ஊர். சிஸ்ஸோ இரசாயன ஆலை, பாதரசக் கழிவை அங்கே விரிகுடாவிலே கொட்டியது. மீன் தின்ற பூனைகள் துள்ளித் துடித்து மாண்டன. பின்னர் மனிதர்கள்! கை நடுங்க, கால் தளர, நாக் குழற வீழ்ந்தனர், குழந்தைகளுந்தான்! 1956-ல் அந்நோயை அதிகாரிகளுக்கு அறிவித்தவர் யார்? ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவாவேதான்!

1959-ல் ஆலையின் கழிவுநீரை இரையிலே கலந்து பூனைகளுக்கு ஊட்டினார் அவர். 400-ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது! நிர்வாகம் என்ன செய்தது? சோதனையை நிறுத்தச் சொன்னது. முடிவை மூடி மறைத்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள். பாதரசத்தை நீக்குவதற்கென அமைக்கப்படாத நிலையம்! விழாவுக்கு மட்டும் குறைவில்லை. நஞ்சோ 1968 வரை கடலிலே கலந்தது.

ஆய்வேடு ஆலை அதிபருக்கு மட்டுமல்ல, கரையோரக் குப்பத்துக்கும் வேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேதான்!

1970-ல், நோய்ப் படுக்கையிலே கிடந்தபடி, ஹோசோகாவா பூனையின் கதையைச் சாட்சியமாகச் சொன்னார். 1973-ல் தீர்ப்பு ஆலைக்கு எதிராக வந்தது. கேட்க அவர் இல்லை.